ஏசிஎல் போட்ட பிறகு நெட்வொர்க் முரண்டு பிடிக்கிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

ஏசிஎல் (ஆக்சஸ் கன்ட்ரோல் லிஸ்ட்) என்பது எந்தப் பாக்கெட்டை விடுவது (பெர்மிட்), எதைத் தடுப்பது (டினை) என்று ரூட்டருக்குச் சொல்லும் விதிப் பட்டியல். இங்குள்ள கட்டளைகள் சிஸ்கோ ஐஓஎஸ் ரூட்டர்களுக்கும் லேயர் 3 ஸ்விட்சுகளுக்கும் உரியவை. வேறு சாதனங்களில் நடத்தை மாறும் இடங்களை அங்கங்கே குறித்திருக்கிறோம். உங்கள் அறிகுறிக்குரிய தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்து வரும் இரண்டு பகுதிகளை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

கை வைப்பதற்கு முன்

கன்சோல் கேபிள் இல்லாமல் தொலைவிலிருந்து வேலை செய்பவர், இப்போது நன்றாக ஓடும் கான்ஃபிகுரேஷனை முதலில் சேமித்துவிட்டு "ரீலோட் இன் 10" கொடுக்க வேண்டும். உங்கள் இணைப்பே அறுந்துபோனாலும் 10 நிமிடத்தில் ரூட்டர் தானாக ரீபூட் ஆகி, சேமித்த நிலையோடு எழும். மாற்றம் சரியாக வேலை செய்கிறது என்று உறுதியானதும் "ரீலோட் கேன்சல்", அதற்கும் பிறகுதான் "ரைட் மெமரி". பரிசோதிக்கும் முன்பே சேமித்துவிட்டால், ரீலோட் ஆன பிறகும் அதே பிழை உங்களுக்காகக் காத்திருக்கும். ஜூனிப்பர் சாதனங்களில் இதே காப்பை "கமிட் கன்ஃபர்ம்ட் 10" தருகிறது.

ஓடிக்கொண்டிருக்கும் பட்டியலில் வரி வரியாகத் திருத்த வேண்டாம். புதிய பெயரில் முழுப் பட்டியலையும் எழுதி முடித்து, பிறகு இன்டர்ஃபேஸில் "ஐபி ஆக்சஸ்-குரூப்" வரியில் பெயரை மட்டும் மாற்றுங்கள். பழைய பட்டியல் அப்படியே இருப்பதால், பின்வாங்க ஒரே வரி போதும்.

எல்லா அறிகுறிக்கும் பொதுவான மூன்று பார்வைகள்

1. "ஷோ ஐபி இன்டர்ஃபேஸ்": எந்த இன்டர்ஃபேஸில், எந்தத் திசையில், எந்தப் பட்டியல் மாட்டியிருக்கிறது?
2. "ஷோ ஆக்சஸ்-லிஸ்ட்ஸ்": விதிகள் எந்த வரிசையில் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் எத்தனை பாக்கெட் பொருந்தியிருக்கிறது?
3. "கிளியர் ஆக்சஸ்-லிஸ்ட் கவுண்டர்ஸ்" கொடுத்து எண்ணிக்கையைச் சுழியாக்கி, பழுதான சேவையை ஒரே ஒரு முறை முயன்று, மறுபடி 2-ஐப் பாருங்கள். எந்த வரியின் எண் ஏறியதோ அந்த வரிதான் முடிவெடுத்திருக்கிறது.

பட்டியலின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத "எல்லாவற்றையும் தடு" விதி ஒன்று உண்டு. அதற்குக் கவுண்டர் காட்டப்படாது. அதனால் ஐபிவி4 பட்டியல் எதுவானாலும் கடைசி வரியாக "டினை ஐபி எனி எனி" என்று கைப்பட எழுதிவிடுங்கள். தடுக்கப்படுபவை அந்த வரியில் எண்ணாக விழும். (ஐபிவி6 பட்டியலுக்கு இது அப்படியே பொருந்தாது, கீழே தனித் தலைப்பு இருக்கிறது.) கவுண்டரைப் பார்க்காமல் விதியைத் திருத்துவது இருட்டில் கல் எறிவதுதான். இந்த வேலையில் வீணாகும் நேரத்தில் பெரும்பங்கு அதில்தான் போகிறது.

இணைப்பு எப்படித் தோற்கிறது என்பதும் துப்புதான். விண்டோஸில் "டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்", லினக்ஸில் "என்சி" கொண்டு குறிப்பிட்ட போர்ட்டை மட்டும் தட்டிப் பாருங்கள்.

- உடனே "இணைப்பு மறுக்கப்பட்டது" என்று வந்தால், பெரும்பாலும் பாக்கெட் சர்வர்வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. அங்கே சேவை ஓடவில்லை. ஏசிஎல்லை விட்டுவிட்டு சர்வரைப் பாருங்கள்.
- நெடுநேரம் காத்திருந்து "டைம் அவுட்" ஆனால், வழியில் யாரோ சத்தமில்லாமல் பாக்கெட்டைக் கொட்டுகிறார்கள். ஏசிஎல் மீது சந்தேகம் கொள்ளலாம்.
- லினக்ஸ் பிங்கில் "பாக்கெட் ஃபில்டர்ட்" என்று வந்தால் சந்தேகமே வேண்டாம். அது ஐசிஎம்பி (நெட்வொர்க்கின் பிழை, நிலைச் செய்திகள்) வகை 3, கோட் 13: விதிப்படி தடுக்கப்பட்டது என்று வழியிலுள்ள சாதனமே சொல்கிறது. அதே வரியில் உள்ள ஐபி முகவரி அந்தச் சாதனத்துடையது.

அறிகுறி 1: பட்டியலை மாட்டியதும் எல்லாமே நின்றுவிட்டது

*பட்டியலில் டினை வரிகள் மட்டும் இருக்கின்றனவா?* ஒருவரை மட்டும் தடுக்க ஒரு டினை வரி எழுதி, அதோடு நிறுத்தியிருப்பார்கள். மற்ற எல்லாரையும் மறைந்திருக்கும் கடைசி விதி தடுத்துவிடும். முடிவில் "பெர்மிட் ஐபி எனி எனி" தேவை. கைப்பட எழுதிய டினை வரி ஏற்கெனவே கடைசியில் இருந்தால், பெர்மிட்டை அதற்கு மேலே சரியான வரிசை எண்ணோடு செருகுங்கள்.

*திசை தலைகீழாக இருக்கிறதா?* இன், அவுட் இரண்டும் ரூட்டரின் பக்கத்திலிருந்து பார்த்துச் சொல்பவை. விலேன் (ஒரே ஸ்விட்சில் பிரித்த தனி நெட்வொர்க்) இன்டர்ஃபேஸில் இது அடிக்கடி குழம்புகிறது. விலேன் 10-இல் உள்ள கணினிகள் அனுப்பும் பாக்கெட் ரூட்டருக்குள் நுழைவது "இன்". அந்தக் கணினிகளை நோக்கி ரூட்டர் அனுப்புவது "அவுட்". விலேன் 10-இன் முகவரிகளை மூலமாக எழுதிய பட்டியலை "அவுட்"டில் மாட்டினால் ஒரு பெர்மிட் வரியும் பொருந்தாது.

*வைல்டுகார்டு மாஸ்க்குக்குப் பதிலாக சப்நெட் மாஸ்க் எழுதப்பட்டிருக்கிறதா?* வைல்டுகார்டு மாஸ்க்கில் 0 இருக்கும் இடம் அப்படியே பொருந்த வேண்டும், 255 இருக்கும் இடம் எதுவானாலும் சரி. "பெர்மிட் 192.168.10.0 255.255.255.0" என்று அடித்தால் ஐஓஎஸ் பிழை சொல்லாது. ஆனால் ஷோ கட்டளையில் அது "0.0.0.0 255.255.255.0" என்று மாறித் தெரியும். அதன் பொருள், கடைசி எண் 0-ஆக உள்ள முகவரிகள் மட்டும். வீட்டிலோ அலுவலகத்திலோ உள்ள சாதாரணக் கணினி எதுவும் அதில் அடங்காது. 255-லிருந்து மாஸ்க்கின் ஒவ்வொரு எண்ணையும் கழியுங்கள்: /24-க்கு 0.0.0.255, /26-க்கு 0.0.0.63, /28-க்கு 0.0.0.15. தொடக்க முகவரியும் தொகுதியின் எல்லையில் இருக்க வேண்டும். "192.168.10.20 0.0.0.15" என்பது 20 முதல் 35 வரை என்று தோன்றும். உண்மையில் அது 16 முதல் 31 வரை. சிஸ்கோ ஏஎஸ்ஏ ஃபயர்வாலில் மட்டும் இது நேர்மாறு. அங்கே சப்நெட் மாஸ்க்கைத்தான் எழுத வேண்டும். இரண்டு சாதனமும் உள்ள இடங்களில் ஒன்றிலிருந்து நகலெடுத்து மற்றதில் ஒட்டுவதால் வரும் பழுது இது.

*முதலில் மாட்டிவிட்டுப் பிறகு எழுதினீர்களா?* இல்லாத பட்டியலை இன்டர்ஃபேஸில் மாட்டினால் ஐஓஎஸ் எல்லாவற்றையும் அனுமதிக்கும். அதில் முதல் வரியை எழுதிய அந்த நொடியே மறைவான தடை உயிர்பெறும். உங்கள் எஸ்எஸ்எச் இணைப்பு அந்த முதல் வரியில் அடங்காவிட்டால் அத்தோடு அறுந்தது. ரீலோட் டைமர் இருந்தால் காத்திருங்கள். இல்லையென்றால் கன்சோல்தான் வழி.

எப்போது ஆள் கூப்பிட வேண்டும்: கன்சோலுக்குப் போக முடியாத இடத்தில் சாதனம் பூட்டிக்கொண்டு, ரீலோட் டைமரும் இல்லையென்றால், வேறு சோதனை எதுவும் செய்யாமல் அந்த இடத்தில் உள்ளவரிடம் சொல்லுங்கள். கான்ஃபிகுரேஷன் சேமிக்கப்படவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் மின்சாரத்தை நிறுத்திப் போடச் சொல்லலாம்.

அறிகுறி 2: தடுத்தது இன்னும் தாராளமாகப் போகிறது

*மேலே உள்ள வரி முந்திக்கொண்டதா?* மேலிருந்து கீழாக, முதலில் பொருந்தும் வரியே இறுதி. "பெர்மிட் ஐபி எனி எனி" 20-ஆம் வரியில் இருக்க, உங்கள் டினை 30-ஆம் வரியில் இருந்தால் அதை எந்தப் பாக்கெட்டும் எட்டாது. பட்டியலின் கான்ஃபிகுரேஷனுக்குள் போய், 15 என்ற எண்ணோடு டினை வரியைச் செருகுங்கள். இடமில்லாவிட்டால் "ஐபி ஆக்சஸ்-லிஸ்ட் ரீசீக்வென்ஸ்", அடுத்து பட்டியலின் பெயர், அடுத்து 10 10. வரிகள் பத்துப் பத்தாக விலகி நிற்கும்.

*பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றா?* ஐஓஎஸ் பட்டியல் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு உண்டு. இன்டர்ஃபேஸில் எழுதிய பெயர் ஓர் எழுத்து மாறினாலும் அது இல்லாத பட்டியல், அதாவது முழு அனுமதி. எந்த எச்சரிக்கையும் வராது.

*ஒரு வரியை நீக்கப்போய் முழுப் பட்டியலும் போய்விட்டதா?* எண் பட்டியலில் "நோ ஆக்சஸ்-லிஸ்ட் 101" என்று தொடங்கி முழு வரியை அடித்தாலும், நீங்குவது அந்த வரி மட்டுமல்ல. 101 முழுவதும் அழியும். "ஐபி ஆக்சஸ்-லிஸ்ட் எக்ஸ்டெண்டட் 101" என்று உள்ளே நுழைந்து, வரிசை எண்ணுக்கு முன் "நோ" போட்டால் அந்த ஒரு வரி மட்டும் போகும்.

*இரண்டு கணினிகளும் ஒரே விலேனில் இருக்கின்றனவா?* அப்படியானால் பாக்கெட் ரூட்டரைத் தொடுவதே இல்லை. விலேன் இன்டர்ஃபேஸில் எத்தனை விதி எழுதினாலும் பயனில்லை. ஸ்விட்ச் போர்ட்டில் மாட்டும் ஏசிஎல்லோ விலேன் ஏசிஎல்லோ வேண்டும். அல்லது அந்தக் கணினியை வேறு விலேனுக்கு மாற்ற வேண்டும்.

*ரூட்டரே அனுப்பும் பாக்கெட்டா?* ரூட்டரில் உட்கார்ந்து பிங் அடித்து ஏசிஎல்லைச் சோதிக்காதீர்கள். ரூட்டர் தானே உருவாக்கும் பாக்கெட்டை அதன் "அவுட்" பட்டியல் சோதிப்பதில்லை. சோதனையை உண்மையான கணினியிலிருந்து செய்யுங்கள்.

*ஐபிவி6 வழியாகப் போகிறதா?* ஐபிவி4 பட்டியல் ஐபிவி6 பாக்கெட்டைப் பார்ப்பதே இல்லை. பிரவுசர்கள் ஐபிவி6 கிடைத்தால் பொதுவாக அதையே முதலில் எடுக்கும். தடுத்த தளம் திறப்பதற்கு இது பலரும் கவனிக்காத காரணம்.

*நாட் (உள் முகவரியைப் பொது முகவரியாக மாற்றும் வசதி) குறுக்கே நிற்கிறதா?* வெளி இன்டர்ஃபேஸில் "இன்" பட்டியல், முகவரி மாற்றத்துக்கு முன்பே சோதிக்கப்படும். ஆகவே அங்கே பொது முகவரியை எழுத வேண்டும். அதே இன்டர்ஃபேஸின் "அவுட்" பட்டியலைப் பாக்கெட் அடைவது முகவரி மாறிய பிறகு. உள் முகவரியை எழுதினால் அது அங்கே கிடைக்காது. உள் கணினிகளைத் தடுக்க உள் இன்டர்ஃபேஸின் "இன்"தான் குழப்பமில்லாத இடம். ஏஎஸ்ஏ 8.3 பதிப்பிலிருந்து, நாட் இருந்தாலும் சர்வரின் உண்மையான உள் முகவரியையே ஏசிஎல்லில் எழுத வேண்டும்.

லினக்ஸ் சர்வர்களில் இதே அறிகுறிக்கு இரண்டு காரணங்கள் முன்னால் நிற்கும். "-ஏ" என்று சேர்த்த ஐபிடேபிள்ஸ் (லினக்ஸின் ஃபயர்வால்) விதி பட்டியலின் அடியில் போய் விழும். மேலே உள்ள ஏற்பு விதி முந்திவிடும். மற்றது டாக்கர்: வெளியே திறந்த கன்டெய்னர் போர்ட்டுக்கான டிராஃபிக் இன்புட் சங்கிலி வழியாக வராமல் ஃபார்வர்டு சங்கிலி வழியாகப் போகிறது. தடையை "டாக்கர்-யூசர்" சங்கிலியில் போடுங்கள்.

எப்போது ஆள் கூப்பிட வேண்டும்: மேலே உள்ள எல்லாம் சரி, டினை வரியின் கவுண்டர் மட்டும் அசையவே இல்லை என்றால் டிராஃபிக் பெரும்பாலும் இந்தச் சாதனத்தின் வழியாகவே போகவில்லை. டிரேஸ்ரூட் எடுத்து, ரூட்டிங்கைக் கவனிப்பவரிடம் ஒப்படையுங்கள்.

அறிகுறி 3: ஒரு சேவை மட்டும் கிடைக்கவில்லை

*போர்ட் எண் எந்தப் பக்கம் இருக்கிறது?* மூல முகவரிக்கு அடுத்து வரும் "ஈக்யூ" மூலப் போர்ட். சேருமிட முகவரிக்கு அடுத்து வருவது சேருமிடப் போர்ட். கணினியிலிருந்து வெப் சர்வருக்குப் போகும் பாதைக்கு:

பெர்மிட் டிசிபி எனி ஹோஸ்ட் 192.168.20.5 ஈக்யூ 443

அதே சர்வரின் பதில் திரும்பும் பாதைக்கு:

பெர்மிட் டிசிபி ஹோஸ்ட் 192.168.20.5 ஈக்யூ 443 எனி

இரண்டையும் ஒரே திசையில் எழுதிவைப்பதும், ஒன்றை எழுதி மற்றதை மறப்பதும் இந்த அறிகுறியின் பாதிக் கதை.

*பதில் திரும்ப வழி இருக்கிறதா?* சாதாரண ஏசிஎல்லுக்கு நினைவாற்றல் கிடையாது. போனதை வைத்து வருவதை அனுமதிக்காது. டிசிபிக்கு எளிய வழி, திரும்பும் திசையில் "பெர்மிட் டிசிபி எனி எனி எஸ்டாப்ளிஷ்ட்". ஏசிகே அல்லது ஆர்எஸ்டி பிட் உள்ள பாக்கெட்டை மட்டும் இது விடும். வெளியிலிருந்து யாரும் புதிதாக இணைப்பைத் தொடங்க முடியாது என்பது மட்டுமே இதன் உறுதி. வேண்டுமென்றே ஏசிகே பிட்டோடு தயாரித்த பாக்கெட் உள்ளே வரும். யுடிபிக்கு இந்தச் சொல் பொருந்தாது. டிஎன்எஸ் பதிலுக்கு, மூலப் போர்ட் 53 என்று டிஎன்எஸ் சர்வரின் முகவரியோடு தனி வரி எழுதுங்கள்.

கிளவுடில் நெட்வொர்க் ஏசிஎல்லுக்கும் இதே குணம்தான். ஏடபிள்யூஎஸ்ஸில் செக்யூரிட்டி குரூப் பதிலைத் தானாக அனுமதிக்கும். நெட்வொர்க் ஏசிஎல் அனுமதிக்காது. வெப் சர்வர் உள்ள சப்நெட்டில் 443-ஐ உள்ளே விட்டு, வெளியே 1024–65535-ஐ மறந்தால் பக்கம் திறக்காது. லினக்ஸ் கணினிகள் வழக்கமாக 32768–60999, விண்டோஸ் 49152–65535 வரம்பில் தற்காலிகப் போர்ட்டை எடுக்கின்றன. பலவகைக் கணினிகள் வருமென்றால் முழு வரம்பையும் விடுவதே சரி.

*சேவைக்கு இன்னொரு போர்ட் இருக்கிறதா?* டிஎன்எஸ்ஸுக்கு யுடிபி 53 போதாது, பெரிய பதில்களுக்கு டிசிபி 53-உம் வேண்டும். எஃப்டிபியில் லாகின் ஆகி, கோப்புப் பட்டியல் வரும்போது நின்றால் 21 திறந்திருக்கிறது, தரவுக்கான போர்ட் மூடியிருக்கிறது. ஐபிசெக் டன்னலுக்கு யுடிபி 500, யுடிபி 4500, இஎஸ்பி என்ற புரோட்டோகால் 50. இது 50 என்ற போர்ட் அல்ல. "பெர்மிட் யுடிபி … ஈக்யூ 50" என்று எழுதி வைத்தால் டன்னல் எழாது.

எப்போது ஆள் கூப்பிட வேண்டும்: சேவைக்கு என்னென்ன போர்ட் என்று தெரியவில்லையென்றால் ஊகித்துத் திறந்துகொண்டே போகாதீர்கள். அந்த மென்பொருளைப் பராமரிப்பவரிடம் பட்டியலைக் கேளுங்கள்.

அறிகுறி 4: ஏற்கெனவே ஓடும் கணினிகள் சரி, புதிதாகச் செருகியதற்கு ஐபி வரவில்லை

புதிய கணினியில் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரியும். காரணம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றே. "பெர்மிட் ஐபி 192.168.10.0 0.0.0.255 எனி" என்று உள் இன்டர்ஃபேஸின் "இன்"னில் எழுதியிருப்பீர்கள். ஆனால் முகவரி கேட்கும் கணினிக்கு இன்னும் முகவரியே இல்லை. அது 0.0.0.0 என்ற மூலத்திலிருந்து 255.255.255.255-க்கு, யுடிபி 68-லிருந்து 67-க்குக் கத்துகிறது. உங்கள் பெர்மிட்டில் 0.0.0.0 அடங்காது. பழைய கணினிகள் தங்கள் முகவரியிலிருந்தே நேராகப் புதுப்பித்துக்கொள்வதால் பழுது உடனே தெரியாது. மறுநாள் புதிய மடிக்கணினி வரும்போதுதான் வெளிப்படும்.

பட்டியலின் மேலே இதைச் சேருங்கள்:

பெர்மிட் யுடிபி எனி ஈக்யூ பூட்பிசி எனி ஈக்யூ பூட்பிஎஸ்

டிஎச்சிபி சர்வர் (முகவரி கொடுக்கும் சர்வர்) வேறு சப்நெட்டில் இருந்தால், அந்தப் பக்கத்து இன்டர்ஃபேஸில் சர்வர் ரூட்டருக்கு அனுப்பும் பதிலும் அனுமதிக்கப்பட வேண்டும். இவ்வளவும் செய்து கவுண்டரும் ஏறி, முகவரி வரவில்லையென்றால் ஏசிஎல்லின் பங்கு முடிந்தது. சர்வரில் முகவரிகள் தீர்ந்திருக்கிறதா என்று அதன் நிர்வாகியிடம் கேளுங்கள்.

அறிகுறி 5: பிங் போகிறது, சிறு பக்கங்கள் திறக்கின்றன, பெரியவை பாதியில் உறைகின்றன

எஸ்எஸ்எச்சில் லாகின் ஆகும்; நீளமான வெளியீடு வரும் கட்டளையைக் கொடுத்தால் திரை நிற்கும். பாதுகாப்பு என்று எண்ணி ஐசிஎம்பி முழுவதையும் தடுத்த இடங்களில் இது நிச்சயம் ஒருநாள் வரும். வழியில் சிறிய எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) உள்ள இணைப்பு இருந்தால், "பாக்கெட் பெரியது, சிறிதாக்கு" என்ற செய்தி ஐசிஎம்பி வகை 3, கோட் 4-ஆக வரும். அதைத் தடுத்தால் அனுப்புபவருக்கு விஷயமே தெரியாது.

சோதனை: துண்டாக்க வேண்டாம் என்ற விருப்பத்தோடு 1472 பைட் பிங் அடியுங்கள். விண்டோஸில் "-எஃப்", "-எல் 1472". லினக்ஸில் "-எம் டூ", "-எஸ் 1472". தலைப்பு 28 பைட் சேர்ந்து 1500 ஆகும். 1400 போகிறது, 1472-க்கு எந்தப் பதிலும் இல்லை என்றால் நோய் இதுதான். "பெர்மிட் ஐசிஎம்பி எனி எனி பாக்கெட்-டூ-பிக்" வரியைச் சேருங்கள். தடை உங்கள் கையில் இல்லாத ரூட்டரில் இருந்தால், "ஐபி டிசிபி அட்ஜஸ்ட்-எம்எஸ்எஸ்" மூலம் டிசிபி அளவைக் குறைக்கலாம். பிபிபிஓஇ இணைப்புக்கு 1452. அது டிசிபியை மட்டும் காப்பாற்றும். மற்றதற்கு இணைய சேவை நிறுவனத்திடம் புகார் கொடுப்பதே வழி.

அறிகுறி 6: போட்டவுடன் சரி, சிறிது நேரத்தில் அறுகிறது

எத்தனை நொடி என்று பாருங்கள். அந்த எண்ணே குற்றவாளியைக் காட்டிவிடும்.

சுமார் 40 நொடியில் ரூட்டுகள் மறைந்தால் ஓஎஸ்பிஎஃப் (ரூட்டர்கள் பாதைகளைப் பகிரும் புரோட்டோகால்). ஈதர்நெட்டில் அதன் வழக்கமான டெட் இடைவெளி 40. "இருக்கிறேன்" என்று அண்டை ரூட்டர் அனுப்பும் ஹலோக்களை உங்கள் "இன்" பட்டியல் தின்கிறது. உங்கள் பக்கம் அண்டை ரூட்டர் காணாமல் போகும். எதிர்ப்பக்கம் உங்களை "இனிட்" நிலையில் காட்டும். "பெர்மிட் ஓஎஸ்பிஎஃப் எனி எனி" சேருங்கள். சுமார் 10 நொடியில் இரண்டு ரூட்டரும் தானே முதன்மை என்று சொன்னால் எச்எஸ்ஆர்பி (ஒரு ரூட்டர் விழுந்தால் மற்றது பொறுப்பேற்கும் ஏற்பாடு). யுடிபி 1985-ஐ விடுங்கள். 3 நிமிடத்தில் என்றால் சிஸ்கோவில் பிஜிபி (நிறுவனங்களுக்கிடையே பாதைகளைப் பகிரும் புரோட்டோகால்), டிசிபி 179. யார் முதலில் இணைப்பைத் தொடங்குவார் என்று சொல்ல முடியாது என்பதால் 179-ஐ மூலமாக ஒரு வரி, சேருமிடமாக ஒரு வரி.

ஐபிவி6-இல் தனி ஆபத்து உண்டு. ஐஓஎஸ்ஸின் ஐபிவி6 பட்டியலில், மறைந்திருக்கும் தடைக்கு முன்னால் அண்டைக் கணினியைக் கண்டறியும் இரண்டு செய்திகளுக்கு மறைவான அனுமதியும் இருக்கிறது. கடைசியில் "டினை ஐபிவி6 எனி எனி" என்று நீங்களே எழுதினால் அது அந்த அனுமதியை முந்திவிடும். அதற்கு மேலே "பெர்மிட் ஐசிஎம்பி எனி எனி என்டி-என்எஸ்", "பெர்மிட் ஐசிஎம்பி எனி எனி என்டி-என்ஏ" இரண்டும் கட்டாயம். பாக்கெட்-டூ-பிக் இங்கும் வேண்டும். ஐபிவி6-இல் வழியிலுள்ள ரூட்டர்கள் துண்டாக்குவதே இல்லை. இன்டர்ஃபேஸில் மாட்டும் கட்டளையும் வேறு: "ஐபிவி6 டிராஃபிக்-ஃபில்டர்".

எப்போது ஆள் கூப்பிட வேண்டும்: பிஜிபி அறுந்து எதிர்முனை வேறு நிறுவனத்துடையதாக இருந்தால் உடனே பட்டியலைக் கழற்றிவிட்டு அவர்களோடு பேசுங்கள். அடிக்கடி அறுந்து சேர்ந்தால் பாதிப்பு உங்கள் வளாகத்தோடு நிற்காது.

அறிகுறி 7: நிர்வாக லாகின் சிலசமயம் தடுக்கப்படுகிறது, சிலசமயம் யாரையும் விடுகிறது

விடிஒய் என்பவை தொலைவிலிருந்து லாகின் ஆகும் வழிகள்; அவற்றில் ஏசிஎல்லை மாட்டுவது "ஆக்சஸ்-கிளாஸ்". அந்த வரி "லைன் விடிஒய் 0 4"-இல் மட்டும் இருக்கும். 5 முதல் 15 வரை வெறுமையாக இருக்கும். முதல் ஐந்தும் நிரம்பியதும் ஆறாவது ஆள் காவல் இல்லாத கதவில் நுழைகிறார். இரண்டு தொகுதிக்கும் ஒரே பட்டியலைப் போடுங்கள். நிர்வாக இன்டர்ஃபேஸ் தனி விஆர்எஃப்பில் (ஒரே ரூட்டருக்குள் பிரித்த தனி ரூட்டிங் அட்டவணை) இருந்து, பட்டியல் சரியாக இருந்தும் மறுக்கப்பட்டால், வரியின் முடிவில் "விஆர்எஃப்-ஆல்சோ" விடுபட்டிருக்கும்.

அறிகுறி 8: ஏசிஎல் போட்ட பிறகு சிபியு ஏறிவிட்டது

முதலில் "லாக்" என்ற சொல்லைத் தேடுங்கள். லாக் உள்ள வரியில் பொருந்தும் பாக்கெட்டுகள் வேகப் பாதையை விட்டு சிபியுவுக்குப் போகும். இணையம் பக்கமுள்ள "டினை ஐபி எனி எனி லாக்" எப்போதும் கொதித்துக்கொண்டே இருக்கும். சோதனை முடிந்ததும் லாக்கை எடுத்துவிட்டு, கவுண்டர் உள்ள வெறும் டினையை வையுங்கள்.

லாக் இல்லாமலும் ஏறினால் ஸ்விட்சின் டிகேம் (விதிகளை வைத்துத் தேடும் ஹார்டுவேர் நினைவகம்) நிரம்பியிருக்கலாம். விதிகள் ஹார்டுவேரில் இடம் கொள்ளாமல் போனால் சில மாடல்களில் மென்பொருள் அந்த வேலையை ஏற்கிறது. "ஷோ பிளாட்ஃபார்ம் டிகேம் யூட்டிலைசேஷன்" பல கேட்டலிஸ்ட் மாடல்களில் நிலவரத்தைக் காட்டும். "ரேஞ்ச்" (வரம்பு), "ஜிடி" (இதைவிடப் பெரியது), "எல்டி" (இதைவிடச் சிறியது) உள்ள வரிகள் அதிக இடம் பிடிக்கும். கவுண்டர் சுழியிலேயே நிற்கும் வரிகளையும் ஒன்றாக்கக்கூடிய சப்நெட்டுகளையும் குறையுங்கள். ஹார்டுவேரில் அனுப்பும் ஸ்விட்சுகளில் கவுண்டர் முழுமையாக ஏறாமல் இருக்கலாம் என்பதால், வரியை நீக்கும் முன் ஸ்பேன் போர்ட்டில் (டிராஃபிக்கின் நகலைத் தரும் போர்ட்) வயர்ஷார்க் வைத்து உறுதிசெய்யுங்கள்.

அதற்கும் இடம் போதாவிட்டால் எஸ்டிஎம் டெம்ப்ளேட்டை (டிகேமில் எதற்கு எவ்வளவு இடம் என்று பிரிக்கும் அமைப்பு) மாற்ற வேண்டும். அது ரீலோட் கேட்கும். ஒன்றுக்கு இடம் கொடுக்க இன்னொன்றின் இடத்தைப் பிடுங்கும். இங்கே தனியாக இறங்க வேண்டாம். சாதனத்தின் மாடல், ஐஓஎஸ் பதிப்பு, டிகேம் வெளியீடு, "ஷோ ஆக்சஸ்-லிஸ்ட்ஸ்" வெளியீடு, பழுது தொடங்கிய நேரம் ஆகியவற்றோடு நெட்வொர்க் பொறியாளரையோ தயாரிப்பாளரின் உதவி மையத்தையோ அணுகுங்கள். அனுப்பும் முன் வெளியீட்டிலுள்ள கடவுச்சொற்களை நீக்கிவிடுங்கள்.